பூசணம் சுரக்கும் சர்க்கரை

மூன்றாம் ஆண்டு, தாவரவியல் துறை

சர்க்கரை என்றவுடன் நம்மவர்க்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, ரேஷன் கடை. மற்றொன்று, இரத்தப் பரிசோதனை. 2021ஆம் ஆண்டு, கொரோனாவின் இரண்டாம் அலையோடு கூடவே ‘கறுப்புப் பூஞ்சை’ என்னும் சொல் வீடுதோறும் நுழைந்ததே, அப்போது இந்த இரண்டாவது சர்க்கரையைப் பற்றித்தான் தெருமுனையெங்கும் பேச்சு. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தவர்களையும், ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவர்களையுமே அந்நோய் பெரிதும் பற்றியது; ஆதலால் அப்பேச்சில் பிழையில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழக அரசும் அதனை, கண்டவுடன் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்று அறிவித்தது. ஆனால் மூன்றாவதாக ஒரு சர்க்கரை இருக்கிறது. நோய் தரும் பூசணமே தன் உடலிலிருந்து சுரந்து, தன்னைச் சுற்றிப் பூசிக்கொள்ளும் சர்க்கரை அது. அதைப் பற்றி ஏனோ எவரும் பேசக் காணோம். பேச வேண்டும் என்பதும், அதிலும் இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நாம் முதலில் பேச வேண்டும் என்பதும் என் கட்சி.

நம் பாடநூல்களில் கார்போஹைட்ரேட்டுகளுக்கு இரண்டே வேலைகள். ஒன்று உணவாவது, மாவுச்சத்தும் கிளைக்கோஜனும் அவ்வகை. மற்றொன்று சுவராவது, தாவரத்தில் செல்லுலோஸ், பூசணத்திலும் இறாலிலும் கைட்டின். தேர்வு எழுத இது போதும். நுண்ணுயிர்களுக்கோ இது போதாது. அவற்றுக்குச் சர்க்கரை போர்வையாகும், பசையாகும், முகமூடியாகும். இதை ஒப்புக்கொள்ள அறிஞர்களே தயங்கினார்கள் என்பது சுவையான செய்தி. நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியாவின் உறை சர்க்கரையால் ஆனது, அந்த உறையைத்தான் நம் உடல் அடையாளம் காண்கிறது என்று 1923இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் ஹைடல்பெர்கரும் ஏவரியும் எழுதியபோது பலர் நம்ப மறுத்தனர். உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் தகுதி புரதத்துக்கே உண்டு என்பது அன்றைய சாத்திரம்!

‘பூசணம் எதைச் சுரக்கிறது?’ என்ற கேள்வி சென்னைக்கும் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் டி.எஸ். சதாசிவனும் அவர்தம் மாணாக்கர்களும் பருத்தியின் வாடல் நோயை ஆராய்ந்து, ஃபுசேரியம் என்னும் பூசணம் சுரக்கும் ஃபுசேரிக் அமிலத்தைப் பற்றி உலகம் மதிக்கும் கட்டுரைகளை எழுதினார்கள். செடி ஏன் வாடுகிறது என்பதற்கு விடையைச் செடியில் மட்டும் தேடாமல், பூசணம் வெளியே விடும் பொருளிலும் தேடினார்கள். மனிதனின் நோய்க்கும் அதே வழியில்தான் போக வேண்டியிருக்கிறது.

முதலில் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ். பெயர் நீளமே தவிர, உருவம் எளிது; உருண்டையான ஓர் ஈஸ்ட். 1894ஆம் ஆண்டு இத்தாலியில் சான்ஃபெலிச்சே என்பவர் பீச் பழச்சாற்றில் இதைக் கண்டார். நுரையீரல் வழியே உடலில் புகுந்து, எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் மூளையுறையைத் தாக்கும். இதைக் கண்டுபிடிக்கும் பழைய முறை பள்ளிப் பிள்ளையும் செய்யக் கூடியது. நோயாளியின் முதுகுத்தண்டு நீரில் ஒரு துளி. ஓவியர்கள் பயன்படுத்தும் இந்திய மை ஒரு துளி. இரண்டையும் கண்ணாடிச் சில்லின் மீது கலந்து உருப்பெருக்கியில் பார்த்தால் கறுப்புப் பின்னணியில் ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும் வெண்மையான ஒரு வளையம் தெரியும். அமாவாசை இரவில் கட்டுமர விளக்குகளைக் கரையிலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். மையின் கரித்துகள்கள் நுழைய முடியாத அந்த வளையம்தான் சர்க்கரை உறை. அதில் பெரும்பகுதி நீர். எஞ்சியதில் பத்தில் ஒன்பது பங்கு குளுக்குரோனோசைலோமன்னன் என்னும் ஒரே சர்க்கரைச் சங்கிலி. மேனோஸ் முதுகெலும்பு, அதில் சைலோஸும் குளுக்குரோனிக் அமிலமும் கிளைகள். பெயரைப் பிரித்துப் படித்தாலே அமைப்பு விளங்கிவிடும். வேதியியலார் வைத்த பெயர்களில் இப்படி உதவி செய்பவை குறைவு.

இந்த உறை வெறும் சட்டைதானா, நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று ஐயுறுவோர்க்கு 1994இல் விடை கிடைத்தது. அமெரிக்காவில் சாங், குவான்-சுங் என்னும் இரு ஆய்வாளர்கள், உறை உருவாக வேண்டிய ஒரு மரபணுவை நீக்கினார்கள். உறையிழந்த பூசணம் எலிகளைக் கொல்லும் வலிமையை இழந்தது. அதே மரபணுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். உறை வந்தது, கொல்லும் வலிமையும் உடன் வந்தது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உறை செய்யும் காரியம் என்ன? நம் வெள்ளணுக்கள் அந்நியரைக் கண்டால் விழுங்கிவிடும் இயல்புடையவை. வழுவழுப்பான இந்த உறையோ அவற்றின் பிடிக்குள் சிக்காமல் நழுவுகிறது. இன்னொரு வியப்பு, வெளியே மண்ணில் கிடக்கும்போது இந்த உறை மெலிந்திருக்கும். உடலுக்குள் புகுந்து, அங்குள்ள மிகுதியான கரியமில வாயுவையும் இரும்புப் பஞ்சத்தையும் உணர்ந்தவுடன் தடிக்கத் தொடங்கும். எங்கே வந்திருக்கிறோம் என்பதைப் பூசணம் அறிகிறது! அதோடு நில்லாமல், உறையின் சர்க்கரையைச் சுற்றியுள்ள நீர்மத்தில் உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. இரத்தத்திலும் மூளையைச் சூழ்ந்த நீரிலும் அது கலக்கிறது. வெள்ளணுக்கள் நோய் இருக்கும் இடத்துக்கு வந்து சேரும் வேகத்தைக் கெடுக்கிறது. மூளையில் அழுத்தம் ஏறி, நோயாளிக்குத் தாங்கவொண்ணாத் தலைவலியும், சிலருக்குப் பார்வைக் குறைவும் வருகின்றன.

இதற்கும் நம் பகுதிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். மாடியை அண்ணாந்து பாருங்கள். இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கத்து மொட்டை மாடிகளில் மரக்கூண்டு இல்லாத தெரு ஏது? ஹோமர், கர்ணம் அடிக்கும் புறா என்று பந்தயம் விடுவதில் வடசென்னை இளைஞர்களுக்கு உள்ள பற்று ஊரறிந்தது. கூண்டில் அடங்காத காட்டுப் புறாக்கள் துறைமுகக் கிடங்குகளிலும், 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையத்திலும், கோயில் கோபுரங்களிலும் குடியிருக்கின்றன. உலர்ந்து பொடியாகிப்போன புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் செழித்து வளர்வதை 1955இல் அமெரிக்காவில் எம்மன்ஸ் என்பவர் காட்டினார். புறாவுக்கு நோய் வருவதில்லை. அதன் உடல் வெப்பம் 41, 42 டிகிரி, அந்தச் சூடு பூசணத்துக்கு ஒவ்வாது. இதைப் படித்துவிட்டு யாரும் புறாக்காரர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். எதிர்ப்பாற்றல் உள்ளவர்களின் நுரையீரல் இப்பூசணத்தைப் பெரும்பாலும் அடக்கிவிடும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கும் தொற்றாது. எச்சத்தை உலர்ந்தபடியே துடைப்பத்தால் பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து வாரினால் போதும். மூக்கில் ஒரு துணி கட்டிக்கொள்வது நல்லது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர் அந்த வேலையைச் செய்யலாகாது. இவ்வளவுதான்.

ஆனால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் யார் என்ற கேள்வியை நம் நகரம் தட்டிக்கழிக்க முடியாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், இதே சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த பணி அது. அந்நோய் முற்றியவர்களின் உயிரைப் பறிப்பவற்றுள் கிரிப்டோகாக்கஸ் மூளையுறை அழற்சி முன்னணியில் நிற்கிறது. இங்கேதான் பூசணத்தின் தந்திரம் அதற்கே எதிராகத் திரும்புகிறது. தன்னைக் காக்க அது உதிர்க்கும் சர்க்கரையே அதைக் காட்டிக்கொடுக்கிறது! தலைவலி தோன்றுவதற்கு வாரக்கணக்கில் முன்பே அச்சர்க்கரை இரத்தத்தில் வந்துவிடுகிறது. கர்ப்பப் பரிசோதனை அட்டை போன்ற ஒரு சிறு பட்டையில் ஒரு துளி இரத்தத்தை வைத்தால் பத்து நிமிடத்தில் கோடு விழும். மின்சாரம் வேண்டா, பெரிய கருவி வேண்டா. சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 100க்குக் கீழே போனவர்க்கு இச்சோதனையைச் செய்து, சர்க்கரை தென்பட்டால் நோய் மூளைக்கு ஏறுமுன்பே மாத்திரை தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. 2022இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூசணங்களின் பட்டியலில், மிக உயர்ந்த முதல் வரிசையில் வைக்கப்பட்ட நான்கில் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் ஒன்று. பட்டை வாங்கும் செலவையும், மூளையுறை நோய்க்காக ஒருவரைப் படுக்கையில் கிடத்தி வாரக்கணக்கில் ஊசி ஏற்றும் செலவையும் ஒப்பிட்டால் எது சிக்கனம் என்று நம் வணிகவியல் மாணவர்களே கணக்கிட்டுச் சொல்வார்கள்.

அந்த நால்வரில் இன்னொருவர் அஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ். மட்கும் குப்பையிலும், ஈரம் பட்ட தானியத்திலும், வைக்கோலிலும் வாழும் சாம்பல் பச்சைப் பூசணம். இதன் வித்துகளை நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் மூச்சில் இழுக்கிறோம்; பெரும்பாலோர்க்கு ஒன்றும் ஆவதில்லை. இந்தப் பூசணம் உறை போர்த்துவதற்குப் பதிலாகப் பசை காய்ச்சுகிறது. அப்பசையின் பெயர் கேலக்டோசமினோகேலக்டன். 2011இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்து அமைப்பைச் சொன்னார்கள். அதன் வேதியியலை விளக்க நான் வெளிநாட்டு நூல் எதையும் நாடப் போவதில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் போதும்.

காசிமேட்டில் இறால் உரிக்கும் பெண்கள் குவித்துவைக்கும் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள், பார்க்காவிட்டாலும் முகர்ந்திருப்பீர்கள். அந்த ஓட்டின் கைட்டினைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்தால் அதிலுள்ள அசிட்டைல் தொகுதிகள் கழன்றுபோய்க் கைட்டோசன் கிடைக்கும். அசிட்டைல் கழன்ற இடத்தில் அமினோ தொகுதி தலைநீட்டி நேர்மின்னேற்றம் பெறும். சாயமும் அழுக்கும் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் உடையவை. அவை கைட்டோசனில் ஒட்டிக்கொள்ளும். கழிவுநீரைத் தெளிவிக்க அது பயன்படுவது இதனால்தான். அஸ்பெர்ஜில்லஸ் தன் பசையை முதலில் அசிட்டைல் தொகுதிகளோடுதான் கட்டுகிறது. அந்நிலையில் அது ஒட்டாது. பிறகு ஒரு நொதியை வெளியே அனுப்பி, சிலவற்றைக் கழற்றிவிடுகிறது. நாம் காஸ்டிக் சோடாவும் அடுப்பும் வைத்துச் செய்கிற வேலையை அது உடற்சூட்டில் ஓசையின்றி முடிக்கிறது. நேர்மின்னேற்றம் பெற்ற பசை, எதிர்மின்னேற்றமுள்ள நம் உயிரணுக்களின் மீது பச்சக்கென்று ஒட்டிக்கொள்கிறது. அந்த நொதியை நீக்கினால் பூசணம் எதிலும் ஒட்டவில்லை, எலிகளில் நோயும் தணிந்தது என்று 2016இல் கனடாவின் மாண்ட்ரீல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஒட்டுவது ஒரு பக்கம்; மறைப்பது மறுபக்கம். பூசணத்தின் சுவரில் பீட்டா குளுக்கன் என்னும் மற்றொரு சர்க்கரை உண்டு. அதைப் பார்த்ததும் ‘பூசணம் வந்துவிட்டது’ என்று நம் வெள்ளணுக்கள் அறிந்துகொள்ளும். கேலக்டோசமினோகேலக்டன் அதன்மேல் படிந்து அதை மூடிவிடுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் தார்ப்பாய் போர்த்திய லாரியைப் பார்த்து உள்ளே என்ன சரக்கு என்று சொல்ல முடியுமா? அதே நிலைதான் வெள்ளணுவுக்கும். கூட்டமாக வளரும் பூசண இழைகளுக்கிடையே இப்பசை நிரம்பிக் கெட்டியான ஒரு படலமாகும்போது மருந்தும் உள்ளே செல்லத் திணறுகிறது.

எல்லார்க்கும் ஒன்றும் ஆவதில்லை என்றேன். யாருக்கு ஆகிறது? காசநோயால் நுரையீரலில் குழி விழுந்தவர்களுக்கு. வடசென்னையில் இதைத் தனியே விளக்க வேண்டுவதில்லை; நெருக்கமான குடியிருப்பும், தூசு நிறைந்த வேலையும், அரைவயிற்று உணவும் உள்ள இடத்தில் காசநோய் குடும்பத்துக்கு ஒருவரையாவது தொட்டிருக்கும். காசநோய் மருத்துவத்தில் சென்னைக்கு உலகப் புகழே உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளியை சானடோரியத்தில் அடைத்துவைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்று 1959இல் நிறுவியது. ஏழை நாடுகள் அனைத்தும் பின்பற்றிய உண்மை அது. கிருமி போய்விட்டது, குழி போகவில்லை. காற்றோட்டமும் கதகதப்பும் உள்ள அந்தக் காலி அறையில் அஸ்பெர்ஜில்லஸ் குடியேறி, தன் பசையோடு பந்தாக உருண்டு கிடக்கிறது. 1968இல் பிரிட்டனில், காசநோய்க்குப் பின் குழி எஞ்சியவர்களைச் சோதித்தபோது நால்வரில் ஒருவரது இரத்தத்தில் இப்பூசணத்துக்கு எதிரான பொருள் காணப்பட்டது.

என் பெரியப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். காசநோய் குணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இருமலில் இரத்தம் வந்தது. அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவர், சளியில் கிருமி இல்லாதபோதும், இருமுறை காசநோய் மாத்திரையே கொடுத்தார். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கட்டுப்பாடு. பின்பு எடுத்த ஸ்கேன் படத்தில் பூசணப் பந்து தெரிந்தது. அது எவருக்கும் தொற்றாத நோய்! இட்ராகொனசோல் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டுத் தேறியிருக்கிறார். அந்தத் தனித் தம்ளரை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆகவே நான் கேட்பது இது. காசநோய் மருந்து முடிந்த பின்னும் இருமுகிறவரை, சளியில் கிருமி இல்லையென்றால், பூசணத்துக்கும் சோதிக்க வேண்டும். இத்தகைய நாட்பட்ட நிலையில் இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடுவதே சிறந்த சோதனை. புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்துபோனவர்களிடம் பூசணம் வேகமாகப் பரவும்போது, அது இரத்தத்தில் உதிர்க்கும் கேலக்டோமன்னன் என்னும் சர்க்கரையைத் தேடலாம். ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று நம் பாட்டிமார் இன்னும் அழைக்கும் ஸ்டான்லிக்கு வரும் எளியவர்க்கும் இவை கேட்டவுடன் கிடைக்க வேண்டும். திருவொற்றியூர் நகர்ப்புறச் சுகாதார நிலையத்து மருத்துவருக்கு இவற்றை எழுதும் எண்ணம் வர வேண்டும்.

‘எண்ணூரில் சாம்பல் கழிவு, 2023 டிசம்பரில் கழிமுகமெங்கும் எண்ணெய்ப் படலம், அம்மாதமே நள்ளிரவில் அம்மோனியா கசிவு. இவற்றுக்கே வழியைக் காணோம், நீ பூசணத்துச் சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறாயே!’ என்று ஒரு நண்பர் இடித்துரைத்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. எண்ணெய் கண்ணுக்குத் தெரியும். அம்மோனியா மூக்குக்குத் தெரியும். ஊர் கூடிக் குரல் கொடுக்க முடியும். பூசணத்தால் இருமுகிறவர் தனியே இருமுகிறார். மேலும், நண்பர் பிரித்துப் பார்ப்பவை நோயாளியின் நெஞ்சில் பிரிந்து நிற்பதில்லை. புகையிலும் தூசிலும் நொந்த நுரையீரல்தான் காசநோய்க்கும் எளிதில் இரையாகிறது.

ஆராய்ச்சி எங்கே போகிறது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அஸ்பெர்ஜில்லஸிடமே தன் பசையை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது. அதைத் தனியே எடுத்துப் பூசணப் படலத்தின் மீது இட்டால் படலம் கரைகிறது, மருந்தும் நன்கு வேலை செய்கிறது என்று 2017இல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். அது மருந்தாக நம் கடைக்கு வரும் நாள் தொலைவில் இருக்கிறது. நாமோ பசையின் பெயரையே இப்போதுதான் கேட்கிறோம்.

அதனால் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசினும் ஒரு கேலக்டோமன்னன்தான்; பூசணத்தின் கேலக்டோமன்னனுக்கும் அதற்கும் கேலக்டோஸ் வளையத்தின் வடிவில் வேறுபாடு. ஆறு அணு வளையம் கொத்தவரையில், ஐந்து அணு வளையம் பூசணத்தில். ஒரே பெயர், இரு பொருள். வகுப்பில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்குமா? நோய் தரும் பூசணத்தை நம் சோதனைச்சாலையில் வளர்க்கக் கூடாது. அதற்கான பாதுகாப்பு நம்மிடம் இல்லை. ஆனால் ஃபார்மலினில் கொன்ற கிரிப்டோகாக்கஸை ஏதேனும் ஒரு மருத்துவக் கல்லூரியிடம் கேட்டுப் பெற்று, இந்திய மையில் அந்த வெண்வளையத்தை ஒருமுறை கண்ணால் காணலாம். பக்கத்திலேயே ரொட்டிக்கடை ஈஸ்டை வைத்தால் வளையம் இல்லாததும் தெரியும். காசிமேட்டிலிருந்து இறால் ஓட்டை விலங்கியல் துறை கொண்டுவரட்டும். காஸ்டிக் சோடா வேதியியல் துறையில் இருக்கிறது. உருப்பெருக்கிகளைத் துடைத்து வைக்க எங்கள் வகுப்பில் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். அடுத்த ஆண்டுச் செய்முறைப் பட்டியல் அச்சுக்குப் போகுமுன் துறைத்தலைவர்கள் மூவரும் ஒருநாள் பிற்பகல் உட்கார்ந்து பேசினால், வரும் முதலாண்டு மாணவர்களுக்கு அது கிடைத்துவிடும்.